இருபத்தைந்தாவது நத்தை

அகரத்துக் கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த சேற்றில் நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போட்டபோது, கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: “யாருக்குத்தா மூலம்? அம்புட்டும் ஒரே ஆளுக்கா?” நத்தைக்கறி மூலநோய்க்கு மருந்து என்பது ஊர் நம்பிக்கை. ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. இனி மழை பெய்யும்வரை நத்தைகள் மண்ணுக்குள் புதைந்துவிடும். என் கையில் இருந்தது இந்த இருபத்துநாலுதான்.

நத்தைக்கு நம்மைப்போல் பழைய நோயை நினைவில் வைத்துக்கொண்டு சண்டை போடத் தெரியாது. கிருமி நுழைந்தால் ரத்தத்தில் இருக்கும் செல்கள் உடனே சூழ்ந்து விழுங்க வேண்டும். பிறவியிலேயே வந்த அந்தக் காவல் ஒன்றுதான் அதற்கு. திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரி லேபில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துத் தண்ணீரில் வாழும் ஒரு பாக்டீரியாவை ஒவ்வொரு நத்தைக்கும் ஊசியில் ஏற்றி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு ரத்தம் எடுத்து, செல்களை எண்ண வேண்டும். ஒரு தரம் தவறினாலும் மொத்தமும் வீண்.

பதினெட்டாவது நத்தை வழுக்கிக்கொண்டே இருந்தது. பிடி கிடைக்கட்டும் என்று இடக்கை உறையைக் கழற்றினேன். புத்திகெட்ட வேலை. ஊசி பட்டதும் அது சடாரென்று ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. அழுத்திய கட்டைவிரலும் நிற்கவில்லை; கிருமி எனக்குள் ஏறிவிட்டது.

“ஊசி குத்துனா அந்த நிமிஷமே எங்கிட்ட சொல்லணும்.” வழிகாட்டி மேடம் முதல் நாளே போட்ட சட்டம் இது. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் எண்ணிக்கை போச்சு. குழாயடியில் விரலைக் கழுவி, ஸ்பிரிட் தடவி, உறையை மாட்டிக்கொண்டேன். பத்தொன்பதை எடுத்தேன். பதினெட்டின் மேல் அப்படியொரு கோபம் வந்தது. பாவம், உயிருக்குப் பயந்ததைத் தவிர அது என்ன செய்தது?

மறுநாள் காலையில் விரல் வீங்கி விண் விண்ணென்று தெறித்தது. நோட்டில் இருபத்துநாலாம் வரிசைக்குக் கீழே 25 என்று போட்டு நேரம், சிவப்பு, சூடு என்று எழுதினேன். இதுவும் ஆராய்ச்சிதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மதியத்துக்குள் சிவப்புக்கோடு ஒன்று மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. அதையும் எழுதினேன்.

மேடம் வந்து நோட்டைப் புரட்டினார்.

“ஏம்மா, இருபத்திநாலுதான கொண்டாந்த? இது எது?”

கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன்.

“சூடுன்னு எழுதிருக்க. நத்தைக்கு ஏதும்மா காய்ச்சல்?” சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவரின் முகம் மாறியது. “கையக் காட்டு.”

காட்டினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “மேடம், நாலு மணிக்கு எண்ணணும்.”

“பேசாம வண்டில ஏறு. கை போச்சுன்னா எதை வச்சு எண்ணுவ?”

நாலு நாள் படுக்கையில் போட்டு ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். லேபுக்குத் திரும்பியபோது, நான் விட்டுப்போன கட்டங்கள் எல்லாம் மேடத்தின் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. பதினெட்டுக்கு ஊசி சரியாகப் போகவில்லை என்று அவர் கேட்காமலே சொல்லிவிட்டு, அந்த வரிசையை நானே அடித்தேன். நோட்டின் கடைசிக் கட்டம், நத்தை பிழைத்ததா இறந்ததா என்று குறிப்பதற்கு. இருபத்தைந்துக்கு நேரே மேடம் எழுதியிருந்தார்: “பிழைத்தது. இனி மறைக்காது.”