மூன்றாவது கழுவல்

திருவொற்றியூர் மருந்துத் தொழிற்சாலையில் எங்களுக்கு ஊசி மருந்துக் குப்பிகளைப் பார்த்து அனுப்பும் வேலை. ஆறு மேசை, ஆறு பெண்கள். கறுப்புப் பலகைக்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் குப்பியைச் சாய்ப்போம். உள்ளே கண்ணாடித்தூள் மினுங்கினால் கழித்துவிடுவோம். எனக்கு அடுத்த மேசை சிலுவையம்மாள். ராயபுரத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். கடைசி மேசையில் அவள் தங்கை எல்சி.

1971 ஆடியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெட்டி மருந்து திரும்பி வந்தது. எல்சியின் மேசையில் பார்த்த குப்பிகளில் தூள். சூப்பர்வைசர் ரகுபதி, மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே வரும் நேரமாகப் பார்த்து எல்சியை கேட் அருகே நிறுத்தினார்.

"எவனையோ நெனச்சிகினு வேலை பார்த்தா இப்படித்தான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, அவளுடைய வேலை டோக்கனை வாங்கிக்கொண்டு அவளை நிறுத்திவிட்டார். கூடத்துக்கு வெளியே கழற்றி வைத்திருந்த செருப்பை எடுக்கக்கூட விடவில்லை. அந்த வெயிலில் எல்சி வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மாலை பஸ்ஸில் சிலுவையம்மாள் என்னிடம் சொன்னாள்: "அதே கேட்டாண்ட இந்த ஆளை நிக்க வெக்காம வுட மாட்டேன்."

அடுத்த மாசம் செல்வநாதன் என்ற அதிகாரி வந்தார். கல்கத்தாவில் பயிற்சி எடுத்தவர். ஆளுக்கொரு கட்டம் போட்ட தாள் கொடுத்தார். மணிக்கொரு தரம், கழித்த குப்பிகளை எண்ணிப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் குப்பி வந்த வழியில் ஏதோ கோளாறு.

"தப்பு யாராண்டன்னு இது சொல்லுமா சார்?" என்று சிலுவையம்மாள் கேட்டாள்.

"யாருன்னு சொல்லாதும்மா. எங்கன்னு சொல்லும்."

"அது போதும் சார்."

மூன்று மாசம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். எங்களுக்கு அது ஒரு பேஜாரான வேலை. ரகுபதி அந்தத் தாள்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலுவையம்மாள் மட்டும் ஒரு புள்ளி விடாமல் வைத்தாள்.

முதல் மாசக் கடைசியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று வாரம் அடங்கிக் கிடந்த புள்ளிகள் கடைசி வாரம் கோட்டைத் தாண்டி ஏறின. குப்பி கழுவும் ஷாகுல் ஹமீதைக் கேட்டாள்.

"மாசக் கணக்கு ரொப்பணும்னு கடைசி வாரம் ரகுபதி சார் மூணாவது கழுவலை வாணாம்னுட்டாருக்கா. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை பூடும்."

"உன் பேரு வராது."

அன்றே அவள் மேனேஜரிடம் போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் இரண்டு மாசம் பேசாமல் புள்ளி வைத்தாள்.

டிசம்பரில் செல்வநாதனும் மேனேஜரும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். கழுவல் ஒழுங்காக நடக்கிறதா என்று மேனேஜர் கேட்டார்.

"மூணு கழுவலும் ஒருநாள்கூடத் தவறினதில்லை சார்" என்றார் ரகுபதி.

அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள் சிலுவையம்மாள். பிறகு, வரிசையாக ஒட்டி வைத்திருந்த தாள்களை மேசைமேல் விரித்தாள்.

"மாசா மாசம் கடைசி வாரம் மட்டும் ஏறிகினே கீது சார். எங்க கண்ணு மாசக் கடைசியில மட்டும் அவிஞ்சிபூடுமா?"

செல்வநாதன் காய்ச்சி வடித்த தண்ணீரின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரங்களில் எல்லாம் தண்ணீர்ச் செலவு மூன்றில் இரண்டு பங்குதான். ரகுபதியின் முகம் சுண்டிப்போனது.

வெளியே வந்ததும் ரகுபதி அவளை நிறுத்தினார். "அப்பவே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் சரிபண்ணியிருப்பேன்லம்மா?"

"அதுக்குத்தான் சொல்லல."

மறுநாள் மதியம் ரகுபதி வேலை போய் கேட்டில் தன் டோக்கனைக் கொடுத்தபோது, சிலுவையம்மாள் சோற்றுத்தூக்கோடு போய் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

எல்சிக்கு வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் போனது. அவள் வரவில்லை. சிலுவையம்மாளோடு நானும் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அக்காவைப் பார்த்து எல்சி கேட்டாள்: "ரெண்டு மாசமா அந்தக் குப்பிங்க வெளிய பூடுச்சே. யாரு ஒடம்புல ஏறிச்சோ?"

"என் மேசையில ஒண்ணும் தப்பல."

"மத்த மேசைங்க?"

சிலுவையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மேசையும் அதில் ஒன்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு, புள்ளி கோட்டைத் தாண்டினால் எந்தப் பெண்ணும் வேலையை நிறுத்தலாம் என்று சிலுவையம்மாள் மேனேஜரிடம் எழுத்தில் வாங்கினாள். அவளே ஏழெட்டுத் தடவை நிறுத்தியிருக்கிறாள்.

ரகுபதி மீஞ்சூரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறிப் போனாள். எதுவும் வாங்கவில்லை. அவர் நிமிர்ந்து தன்னை அடையாளம் காணும்வரை கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.