உடைக்காத கட்டி

இருபத்திரண்டு வருடமாக நான் இயேசுவைக் கொன்றுவருகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை, பெரிய வெள்ளியன்று, வெயில் ஏறுகிற நேரத்தில். இயேசுவின் பாடுகளைக் காட்டும் எங்கள் ஊர் பாஸ்கு நாடகத்தில் எனக்கு யூதர்களின் தலைமைக் குரு வேடம். மனைவியின் பழைய அரக்குச் சேலைதான் அங்கி. மார்பில் தொங்கும் பதக்கத்துக்குப் பன்னிரண்டு கல் வேண்டும். அதற்குத் தீப்பெட்டி லேபிள்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். தாடி பருத்தி, தலைக்கு அடிக்கும் சாயத்தில் முக்கி எடுத்தது. மற்ற நாட்களில் கயத்தாறு பைபாஸில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறேன்.

எங்கள் ஊரில் கோயில் ஒன்று, தெரு இரண்டு. மேலத்தெரு, கீழத்தெரு. சாதியைச் சொல்லப் போவதில்லை. தெருவைச் சொன்னாலே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். பாஸ்கில் இயேசு, மாதா, முகம் துடைக்கிற பெண் எல்லாம் மேலத்தெரு. ரோமை ஆளுநன் பிலாத்தும் அவனுடைய சிப்பாய்களும் மேலத்தெரு, அவர்களுக்குப் பளபளப்பான தகர உடுப்பு உண்டு. சீடர்களில் பதினோரு பேர் மேலத்தெரு. யூதாஸ் மட்டும் கீழத்தெரு. அவனோடு சேர்ந்து கத்துகிற யூதர் கூட்டம் மொத்தமும் கீழத்தெரு. இப்படிப் பிரித்தது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. என் அப்பா யூதன். நானும் யூதன்.

சிலுவை ஊர்வலம் கோயிலிலிருந்து புறப்பட்டு மேலத்தெரு வழியாகப் போய், ஊருக்கு மேற்கே கரிசல் காட்டில் நட்டிருக்கும் மூன்று சிலுவைகளில் முடியும். இயேசு வரும்போது மேலத்தெருவில் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், சிலர் அழுதே விடுவார்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற எங்களுக்கு மண். காட்டிலிருந்து கரிசல் கட்டியை எடுத்து வைத்திருந்து எறிவார்கள். கோடையில் கரிசல் கட்டி கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். ஆகவே அதற்கு ஒரு முறை உண்டு. கட்டியைக் கையில் வைத்து உடைத்து, பொடியாக்கித்தான் எறிய வேண்டும். தூசு விழும், காயம் படாது. கூடவே வசவும் விழும். அந்த வசவு வேடத்துக்கு என்று எழுதிய வசவு இல்லை. வருடம் முழுக்க எங்கள் தெருவைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தைகள்.

நாடகம் முடிந்ததும் இயேசுவும் சீடர்களும் வேடத்தோடேயே கோயிலுக்குள் போய் முன்வரிசையில் உட்காருவார்கள். யூதர்கள் கோயிலுக்குப் பின்னால் உள்ள அடிகுழாயில் குளித்து, தாடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். இதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நடக்கும்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். முதல் ஒத்திகையில் எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசினார். யூதர்களைத் திட்டுகிற வசனத்தைக் குறையுங்கள் என்றார். இயேசு யூத வீட்டில் பிறந்தவர், எட்டாம் நாள் அவருக்கு யூத முறைப்படி விருத்தசேதனம் நடந்தது, வியாழக்கிழமை அவர் உட்கார்ந்து சாப்பிட்டது யூதர்களுடைய பாஸ்கா பண்டிகைச் சாப்பாடு, நம்முடைய நாடகத்தின் பெயரே அந்தப் பண்டிகையின் பெயர்தான் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் தாடி ஒட்டியவனுக்கு அன்றைக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. மேலத்தெரு ஆட்கள் தலையாட்டிக் கேட்டார்கள். அவர்கள் கொட்டாவிக்கும் தலையாட்டுவார்கள்.

பிரச்சினை அடுத்த வாரம் வந்தது. வழக்கமாக இயேசுவாக வருகிறவர் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். யாரைப் போடுவது என்று கோயில் முற்றத்தில் கூட்டம். பாஸ்குக் குழுவுக்குத் தலைவர், மேலத்தெருவில் இரண்டு டிராக்டர் வைத்திருப்பவர். எல்லாரும் அவரை டிராக்டர்காரர் என்போம்.

“எங்க தம்பி மவன் மெட்ராஸ்ல இருந்து வாரான். வியாழக்கெழம வந்துருவான். வசனத்தப் பின்னாடி இருந்து மைக்ல யாராவது சொல்லட்டும், இவன் வாயசைச்சாப் போதும்” என்றார்.

“வாயசைக்க ஒருத்தன், பேச ஒருத்தன். சிலுவைய ஆரு சொமப்பா, மூணாவது ஆளா?” என்று கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“வேற ஆளு இருந்தாச் சொல்லும்வே.”

“எங்க அக்கா மவன் இருக்கான். ஒம்பது வருசமா எம் பின்னால நின்னு கத்துதான். எல்லா வேசத்து வசனமும் அவனுக்குப் பாடம்.”

“அவன் யூதர் செட்டுல்லா.”

நான் சாமியார் பக்கம் திரும்பினேன்.

“சாமி, ஒரு சந்தேகம். இயேசு யாரு?”

அவர் புரியாமல் பார்த்தார். “என்ன கேக்கிறீங்க?”

“நீங்க போன வாரம் சொன்னதுதான். யூதன்தானே?”

“ஆமா.”

“மாதா?”

“யூதப் பெண்.”

“பேதுரு? அருளப்பர்? மிச்சம் உள்ளவிய?”

“எல்லாரும் யூதர்கள்தான்.”

“அப்பொ சரி. யூதன் வேசம் பூரா கீழத்தெருவுக்குன்னு இவியதான் வச்சிருக்காவ. நாங்க ஒத்துக்கிடுதோம். இயேசு, மாதா, பன்னெண்டு சீடர் எல்லாரையும் எங்ககிட்ட குடுத்துருங்க. பிலாத்தையும் நாலு சிப்பாயையும் இவிய வச்சுக்கிடட்டும். அவிய மட்டுந்தான் அதுல அசலூர்க்காரவிய.”

எங்கள் ஆட்களில் ஒருவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் டிராக்டர்காரர் எழுந்துவிட்டார்.

“ஏலே, எகத்தாளம் பேசுதியா? அவன் சிலுவையத் தூக்கிட்டு எங்க தெருவுல வருவான், எங்க வீட்டுப் பொம்பளைக அவன் கால்ல விழணுமோ?”

உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்படின்னா இந்த வருசம் ஒங்களுக்கு யூதரே கெடையாது” என்று சொல்லிவிட்டு நான் இறங்கி வந்தேன். என் பின்னால் யூதர் கூட்டம் முழுதும் வந்தது.

மூன்று நாள் அவர்கள் யூதர்களைத் தேடினார்கள். மேலத்தெருவில் ஒருவன்கூடத் தாடி ஒட்டச் சம்மதிக்கவில்லை. மண் தன் தலையில் விழும், அந்த வசவு தன் காதில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த டிராக்டர்காரர்தான் வருடம் முழுக்க வாட்ஸப்பில் இஸ்ரேல் கொடியைப் போட்டு, கடவுள் தேர்ந்துகொண்ட மக்களுக்காக ஜெபியுங்கள் என்று அனுப்புகிறவர். அந்த மக்களில் ஒருத்தனாக ஒரு மணி நேரம் நிற்க அவர் வீட்டில் ஆள் இல்லை.

நாலாம் நாள் சாமியார் என் கடைக்கே வந்தார். லாரி டயரைக் கழற்றிப் போட்டிருந்தேன், அதன் மேலேயே உட்கார்ந்தார். அக்கா மகன் இயேசு வேடம் போடலாம், ஆனால் ஊர்வலம் மேலத்தெருவுக்குள் போகாது, ஓடைப் பாதை வழியாகச் சுற்றிக் காட்டுக்குப் போகும், அதற்குச் சம்மதமென்றால் எல்லாரும் சம்மதம் என்றார்.

“நாங்க சுத்திப் போகணுமோ, சாமி?”

“இந்த வருஷம் மட்டும். மெதுவா மாத்தலாம்.”

அவருக்கு நல்ல மனசு. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சரி என்று கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன்.

இதையெல்லாம் நான் அக்கா மகனாகிய என் மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன். அவனுக்கு இருபத்தாறு வயது. கோவில்பட்டியில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். அதிகம் பேசமாட்டான்.

“என்னய ஒரு வார்த்த கேட்டியளா, மாமா?” என்றான்.

“ஒனக்கு ஆச இல்லையாலே?”

“ஆச இருக்கு. சின்னதுல இருந்தே இருக்கு. ஆனா நீங்க எனக்காகச் சண்ட போட்ட மாதிரி தெரியல.”

என் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “ஏலே, எம்பிள்ளய வச்சு வெளையாடாத. அவன் தெனம் அந்தத் தெரு வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறான். நீ பைபாஸ்ல போயி ஒக்காந்துக்கிடுவ.”

“பாதைய மாத்தியாச்சு. அந்தத் தெருவுக்கே போகல” என்றேன்.

பெரிய வெள்ளியன்று ஊர்வலம் பத்தரைக்குப் புறப்பட்டது. முன்னால் நடப்பது எப்போதும் தலைமைக் குருதான். எனக்குப் பின்னால் என் மருமகன், வெள்ளை அங்கி, தோளில் வேப்பமரச் சிலுவை. உண்மையான கனம், ஒட்டு வேலை இல்லை. நாடகப்படி அவன் முதல் தடவை விழுந்தபோது கீழத்தெருப் பெண்கள் நிஜமாக அழுதார்கள். நடிக்கிறான் என்று எனக்கே தோன்றவில்லை.

கோயிலைத் தாண்டி நூறடியில் பாதை பிரியும். நேரே மேலத்தெரு, இடப்பக்கம் ஓடைப் பாதை. பிரிகிற இடத்தில் டிராக்டர்காரர் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கையை நீட்டி, “அங்கிட்டு, அங்கிட்டு” என்றார். ஆட்டை ஓட்டுகிற கை அது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றக் கையில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் நேரே நடந்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. அக்கா சொன்னதும் இருந்தது. கால் நேரே போனது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் போகிறவன் எங்கே போகிறானோ அதுதான் பாதை. சாமியார் கூட்டத்தின் கடைசியிலிருந்து என்னைக் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மேலத்தெருவில் தண்ணீர் தெளித்திருக்கவில்லை. ஒரு கதவு சாத்திக்கொண்டது, அடுத்து இன்னொன்று. ஆண்கள் மட்டும் வாசலில் கைகட்டி நின்றார்கள். எங்கள் கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. சிலுவையின் அடிக்கட்டை ரோட்டில் உரசுகிற சத்தம்தான் கேட்டது. நீலச் சேலை கட்டிய மாதா தன் வீட்டைக் கண்டதும் ஒதுங்கிப் படியேறி உள்ளே போய்விட்டாள்.

தெருவின் பாதியில் மண் விழ ஆரம்பித்தது. முதலில் தூசுதான், எங்கள் மேல், வழக்கம்போல. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு ஒரு கட்டி என் காதோரம் தாண்டிப் போனது. அதை யாரும் உடைத்திருக்கவில்லை. அது என்னைக் குறிவைத்து வந்தது இல்லை. பின்னால் ஒரு சத்தம், அதன் பிறகு சிலுவை ரோட்டில் விழுந்த சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். என் மருமகன் முழங்காலில் இருந்தான். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கையால் துடைத்துவிட்டு மறுபடி சிலுவையைப் பிடிக்கப் பார்த்தான். அடுத்த கட்டி வருவதற்குள் யூதர்கள் அவனைச் சுற்றி வந்துவிட்டார்கள். நாற்பது பேர், சாயத் தாடியும் கிழிந்த சேலை அங்கியுமாக, தோளோடு தோள் ஒட்டி, முதுகை வெளியே காட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டிகள் முதுகில் விழுந்து உடைந்தன. யூதாஸ் தன் தாடியைப் பிடுங்கி அவன் நெற்றியில் அழுத்தப் போனான்.

“சாயம்லே அது, துண்ட எடு” என்று கத்தினேன்.

துண்டு எடுப்பதற்குள் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். முந்தானையை மடித்து அவன் நெற்றியில் வைத்து அழுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவில்லை.

“நல்லாக் கூட்டியாந்து காட்டிக் குடுத்த, தம்பி. வேசத்துக்கு ஏத்த வேல.”

நான் சிலுவையை அவன் காலருகிலிருந்து நகர்த்தினேன்.

யாரோ ஆட்டோ கொண்டுவந்தார்கள். நானும் ஏறப் போனேன். “நீ வராத” என்றாள் அக்கா. ஆட்டோ கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. ரோட்டில் சிலுவை கிடந்தது. அதை நாங்களே தூக்கிக் கொண்டுபோய்க் கோயில் சுவரில் சாத்தினோம். இந்த வருடம் காட்டில் யாரும் சிலுவையில் அறையப்படவில்லை.

மூன்று மணிக்கு ஆராதனை. அடிகுழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. தாடியோடும் மண்ணோடும் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பாதிப்பேர் முதுகில் கரிசல் அப்பியிருந்தது. எங்களை எழுப்ப ஒருவரும் வரவில்லை. டிராக்டர்காரர் தூணோரம் நின்றார்.

பெரிய வெள்ளியன்று வரிசையாகப் பொது மன்றாட்டுகள் உண்டு. திருச்சபைக்காக, பாப்பரசருக்காக என்று போகும். அதில் ஒன்று யூத மக்களுக்காக. வருடா வருடம் அந்த நேரத்தில் நாங்கள் குழாயடியில் சாயம் கழுவிக்கொண்டிருப்போம். அதனால் நான் அதை முழுதாகக் கேட்டதே இல்லை. சாமியார் அந்த மன்றாட்டுக்கு வந்ததும் எங்களைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார், வாசித்தார். ஆண்டவரின் வார்த்தையை முதலில் கேட்டவர்கள் இவர்கள் என்கிற பொருளில் இருந்தது. முழந்தாளிடுவோம் என்றார். கோயில் முழுக்க முழந்தாளிட்டது, தூணோரம் நின்றவரும்தான். நாங்கள் நின்றோம். எங்களுக்காக ஊர் மன்றாடுகிறது, நாங்கள் ஏன் குனிய வேண்டும் என்று அப்போது நினைத்தேன். பக்கத்தில் நின்றவன் என்ன நினைத்தான் என்று கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் செய்வதுதான் என் பழக்கம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். நெற்றியில் நாலு தையல். கட்டிலில் சுவரோடு சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். கட்டியை எறிந்தது யார் என்று தெரியும், போலீசில் எழுதிக் கொடுப்போம் என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

“அடுத்த வருசமும் நாந்தான் சிலுவ தூக்குவேன். அந்தத் தெரு வழியாத்தான் போவேன்” என்றான்.

“போவோம்லே” என்றேன்.

“நான் போவேன். முன்னால நீங்க வரப்பிடாது, மாமா.”

அங்கியை அப்போதும் நான் கழற்றியிருக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.