எண்பது எழுத்துக்குள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மொழி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். கூப்பிட அங்கே ஆள் இருந்தால்தானே? வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன மறுநாளே மொத்தப் பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேஜையில் அவள் மட்டும் தினமும் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் வீட்டில் நெட் சரியில்லை என்றாள். பச்சைப் பொய். நெட் நன்றாகத்தான் இருந்தது. கணவர் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் வாய் திறப்பது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். மகள் வேறு ஊரில், கைக்குழந்தையோடு இருந்தாள். போன் செய்தால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்பாள். அந்த அப்புறம் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அலுவலகத்திலாவது லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும்.

கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு செயலி. மாத்திரை சாப்பிட வேண்டிய வேளைக்குப் போனில் மணி அடிக்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ஆப் ஸ்டோரில் அதைப் பற்றிப் பல மொழிகளில் விளக்கம் போட்டிருந்தார்கள். மொழிக்கு ஒரு ஃபோல்டர். தமிழ் ஃபோல்டர் அக்காவின் பொறுப்பு. எழுதிவைத்துவிட்டுக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், ஃபோல்டரில் இருப்பது அப்படியே ஸ்டோரில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. மேனேஜர் தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் முழிப்பான்.

செயலியின் பெயருக்குக் கீழே வரும் சின்ன விளக்கம் எண்பது எழுத்தைத் தாண்டக் கூடாது. விளக்கத்தை ஸ்டோருக்கு அனுப்பும் கருவியோ மகா கஞ்சப் பிசினாறி. கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணிக் கணக்கில் ஏற்றிவிடும். அதனால் எதையும் முதலில் ஒத்திகை பார்ப்பாள். அதற்கென்று தனிக் கட்டளை உண்டு. அடங்குகிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லும். வெளியே எதுவும் போகாது. ஒத்திகைக்கு அவள் வாயில் வந்ததை எழுதிப் பார்ப்பாள். 'செருப்பு கடிக்கிறது' என்று எழுதுவாள். 'எதிர்வீட்டுப் பெண் இன்றைக்கும் சிரிக்கவில்லை' என்று எழுதுவாள். அடங்கும் என்று கருவி பதில் சொல்லும். ஏதோ ஒன்று கேட்டுக்கொள்கிறதே என்று அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். பிறகு அழித்துவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான், 'இன்றைக்குக் காலையிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை' என்று எழுதினாள். அந்த நேரம் பார்த்துக் கதவை யாரோ தட்டினார்கள். மனிதச் சத்தம் கேட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த கட்டளை தானாக வந்து நிற்கும். அதைத் தட்டி, என்டரையும் தட்டிவிட்டு ஓடினாள். வந்தவர் கீழ்மாடிப் பல் டாக்டரைத் தேடி வந்தவர். கதவில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டு படி இறங்கிவிட்டார். அவள் திறந்தபோது அவருடைய முதுகுதான் தெரிந்தது. திரும்பி வந்தால் மேனேஜரிடமிருந்து செய்தி: இந்த மாதம் விளக்கத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அடுத்த வாரம், பஸ்ஸில் சும்மா போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஸ்டோரில் அதைப் பார்த்தாள். செயலியின் பெயர், அதற்குக் கீழே, உலகம் பார்க்க, அவளுடைய வரி. அன்றைக்கு அம்புக்குறி கொண்டுவந்து நிறுத்தியது ஒத்திகைக் கட்டளை இல்லை, அதற்கு முன் கடைசியாக அடித்திருந்த நிஜக் கட்டளை. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டாள். அலுவலகம் போய் ஃபோல்டரைத் திறந்து, அழிக்கப் போன கை அப்படியே நின்றது. ஒரு வாரமாகத் தொங்குகிறது. ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை?

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவள் அதைத் திருத்தவில்லை. யாராவது ஒருவர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். திட்டினால்கூடப் போதும். என்னக்கா இது, என்ன ஆச்சு உங்களுக்கு என்று ஒரே ஒரு குரல் வந்தால் போதும், அந்தக் கணமே மாற்றிவிடுவாள். போன் ஒலிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். ஒருமுறை வங்கி, ஒருமுறை தவறான எண். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் காலி நாற்காலிகளுக்கு நடுவே அழுவதற்கும் ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது.

மாதாந்திரக் கூட்டம் வழக்கம்போல வீடியோவில் நடந்தது. எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டுப் பெயர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஒவ்வொரு மொழியாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், தமிழில் நின்றுவிட்டான். தமிழில் மட்டும் செயலியை இறக்கிக்கொள்பவர்கள் இரட்டிப்பாகியிருந்தார்களாம்.

"அப்படி என்னக்கா எழுதினீங்க? படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அன்றைக்கு அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. "இன்றைக்குக் காலையிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை."

இதோ கேட்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

"செம வரிக்கா," என்றான் மேனேஜர். "தனியா இருக்கற வயசானவங்கதான நம்ம கஸ்டமரு? நேரா நெஞ்சுல போய் குத்துது."

"அது விளம்பரத்துக்கு எழுதல தம்பி."

"அதான் அழகே. கை வெக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் மத்த மொழிக்கும் போட்டுடலாம்."

பெயர்களுக்குப் பக்கத்தில் நாலைந்து கைதட்டல் படங்கள் முளைத்து மறைந்தன. அடுத்த மொழிக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. இரட்டிப்பு என்றால் அந்த வரியைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? ஸ்டோரில் தமிழில் வந்திருந்த கருத்துகளைத் திறந்தாள். அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அது வேறு பிரிவின் வேலை. மேலேயே ஒரு கருத்து, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரத்தோடு, புதிதாக இருந்தது.

'யாரோ என்னை மாதிரி இருக்காங்கன்னு நெனச்சு எறக்கினேன். பேசும்னு பாத்தேன். மணி மட்டும்தான் அடிக்குது.'

அதற்குக் கீழேயே கம்பெனியின் பதிலும் இருந்தது. 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்களோடு தொடர்ந்து இணைந்திருங்கள்.' கருத்து எது வந்தாலும் தானாகப் போய் விழும் பதில் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், கொட்டாவி விட்டுக்கொண்டே அதை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

அக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் தன்னை ஒருவரும் கேட்கவில்லை என்று கிடந்து தவித்தாளே, அங்கே ஒரு மனுஷி, இல்லை மனுஷனோ, இவள் குரல் கேட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறது. இவளோ உள்ளேயிருந்து மணியடித்து நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறாள். பதில் எழுதலாம் என்று அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அதில் அனுமதி இல்லை. ஆளைத் தேடிப் பிடிக்கவும் வழி இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கூகுள் பயனர்' என்றுதான் இருந்தது.

அவளுக்கு அனுமதி இருந்தது ஒரே ஒரு ஃபோல்டரில்தான். அதைத் திறந்தாள். கை வைக்காதீர்கள் என்று சொன்னவன் நினைவுக்கு வந்தான். வரட்டும் என்று அந்த வரியை அழித்தாள். இன்னொருவர் ஏமாந்து வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது. 'மாத்திரை வேளைக்கு மணி அடிக்கும். பேசாது' என்று எழுதினாள். ஒத்திகை பார்க்கவில்லை. நிஜக் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தன் கையால் அடித்து, அனுப்பிவிட்டாள்.