கத்தரியக்காவின் சிவப்பு நூல்

தையல் ஆலையில் எனக்கு அடுத்த மிஷின் அவளுடையது. வாய் அப்படி வெட்டும் என்பதால் கத்தரியக்கா என்று பெயர். பத்தொன்பது வருடம் குனிந்தே தைத்து இடுப்பு போய்விட்டது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சூப்பர்வைசர் அதையும் கடிகாரம் வைத்துப் பார்ப்பான், பாவி.

எங்கள் துணியை வாங்கும் கம்பெனியிலிருந்து வருடம் இருமுறை ஒரு அம்மா வந்து சாம்பிள் பார்ப்பார். ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. "ஆறு மாசத்துல யார் ஸ்பானிஷ் கத்துக்கிறீங்களோ, அவங்களுக்கு அந்தம்மா பக்கத்துல நாற்காலி, பேச்சை மொழிபெயர்க்கிற வேலை. மிஷின் பக்கமே போக வேண்டாம்" என்றார் மானேஜர். சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு. இருபது பேர் சேர்ந்தோம். மூன்றாம் வாரம் நான் ஓடி வந்துவிட்டேன். அக்கா விடவில்லை. அவள் இடுப்புக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

ஆனால் அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, அவளுக்குக் கோபம் தலைக்கேறும். "சட்டை பொம்பளையாம், கவுன் ஆம்பளையாம். எந்த மடையன் பிரிச்சான் இதை? 'ஓ'ன்னு முடிஞ்சா ஆம்பளைன்னு வாத்தியார் நேத்து சொன்னான். இன்னிக்கு 'மானோ'ன்னா கை, அது பொம்பளைங்கிறான். கேட்டா அது அப்படித்தானாம்." 'பிரச்சினை' என்ற சொல் ஆண்பால் என்று கேட்டபோது மட்டும், "இதைச் சரியாச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

'செய்' என்ற சொல் அவளை அழவே வைத்தது. செய்கிறேன் என்றால் 'ஆகோ', செய்தேன் என்றால் 'ஈசே'. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம், முகஜாடையே இல்லை. "ஈசே, ஈசே" என்று மிஷினை மிதித்துக்கொண்டே திட்டுவதுபோலச் சொல்வாள்.

தையல்காரி புத்தி, நூலைத்தான் தேடியது. பெண்பாலுக்குச் சிவப்பு, ஆண்பாலுக்கு நீலம் என்று வீட்டில் எல்லாவற்றிலும் கட்டினாள். "தட்டு ஆம்பளை, கரண்டி பொம்பளை, நடுவுல நான் யாரு?" என்று கேட்டாராம் அவள் வீட்டுக்காரர்.

ஐந்தாம் மாதம் மானேஜர் தன் மருமகனைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். சர்டிபிகேட் இருக்கிறதாம். எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. "அப்புறம் எதுக்குக்கா படிக்கிறே?" என்றேன்.

"நம்மளைப் பத்தி என்ன பேசுறாங்கன்னாவது தெரியணும்ல."

அந்த அம்மா ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். எட்டு சாம்பிளும் அக்கா தைத்தவை. மனப்பாடத்துக்காக அவற்றின் கழுத்திலும் இடுப்புப் பட்டியிலும் சிவப்பும் நீலமுமாக நூல் கட்டியிருந்தாள், சாயங்காலம் அவிழ்ப்பதாக இருந்தாள். நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் மானேஜர் ஆள் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

தையல் பகுதியில், தேறாது என்று கழித்த துணிக்குச் சாக்பீஸ் குறிதான். சுவருக்கு அந்தப்பக்கம், பேக்கிங்கில், கழித்த துணி என்றால் சிவப்பு நூல். பத்தொன்பது வருடத்தில் எங்களை அங்கே யார் விட்டார்கள்?

அந்த அம்மாவுக்குப் பேக்கிங் வழக்கம்தான் தெரியும். எட்டில் சிவப்பு நூல் இருந்த ஐந்தை மேசையில் எறிந்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். மருமகன் அந்த அம்மாவிடம் என்னவோ சிரித்துச் சிரித்துச் சொன்னான். அக்காவின் கை என் தோளை இறுக்கியது.

"என்னக்கா சொல்றான்?"

"தையல்காரி ஒண்ணும் தெரியாதவ, கழிச்ச துணியைக் கொண்டாந்து வச்சுட்டாங்கிறான்."

என் தோளை விட்டுவிட்டு அவள் மேசைக்குப் போனாள். முதல் சட்டையைத் தூக்கினாள். "யோ ஈசே." நான் செய்தேன். அடுத்தது. "யோ ஈசே." எட்டையும் தூக்கித் தூக்கிச் சொன்னாள். பிறகு சிவப்பு நூலைக் காட்டிப் பொம்பளை என்றாள், நீலத்தைக் காட்டி ஆம்பளை என்றாள், தன் நெஞ்சைத் தொட்டுப் படிக்கிறேன் என்றாள். பாதி தப்பாகத்தான் சொல்லியிருப்பாள். குரல் மட்டும் நடுங்கவில்லை.

அந்த அம்மா எறிந்தவற்றை மறுபடி எடுத்தார். தையலை உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். ஒரு கால்சட்டையில் மட்டும் சிவப்பை அவிழ்த்துவிட்டு, மேசையில் கிடந்த நீல நூலைத் தன் கையாலேயே கட்டினார். பிறகு மருமகனைப் பார்த்து, எழுந்திரு என்று விரலை அசைத்தார்.

அக்கா மெதுவாக இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

மானேஜர் குனிந்து அவள் காதருகே, "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான்" என்றார்.

"உக்காந்துட்டேன் சார்" என்றாள் அக்கா, திரும்பாமலே. "இனி எழுப்பிப் பாருங்க."