இடது கை கேட்டது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குப் பேச்சு நின்றுபோனது. அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. ஒருநாள் சாயங்காலம் பட்டாபிராமில் ரயிலை விட்டு இறங்கியவர் பிளாட்பாரத்திலேயே சரிந்துவிட்டார். மூளையில் இடது பக்கம் ரத்தம் அடைத்திருக்கிறது, வலது கை கால் மெல்லத் தேறும், பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

முன்னே மட்டும் என்ன பேசிக் கிழித்தோம்? கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் “சோறு போடு”, “சட்டை எங்கே” இரண்டும்தான் எங்கள் பேச்சுவார்த்தை. ஆனாலும் அந்த இரண்டும் இல்லாத வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இடது கையால் ஒன்று செய்வார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கையை என் பக்கம் ஒரு விசிறு விசிறுவார். ‘சோறு, சீக்கிரம்’ என்றுதான் எனக்குப் பட்டது. குழைத்த சாதத்தோடு ஓடுவேன். வாயை இறுக மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கை.

பத்தாம் நாள் மத்தியானம் கிண்ணத்தை நங்கென்று வைத்தேன். “கேக்கறதும் நீங்கதான், வேணாங்கறதும் நீங்கதான். இன்னாதான் வேணும் உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. கை மட்டும் விடாமல் திரும்பவும் அதையே செய்தது.

அவரைப் பார்க்க வந்த நண்பர், ஷாப்பில் பக்கத்து மிஷின்காரர், வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டார்.

“அண்ணி, அவன் சோறு கேக்கல. நீங்க துன்னீங்களான்னு கேக்கறான். மிஷின் சத்தத்துல இன்னா பேச முடியும்? அங்க எல்லாமே கைதான். மத்தியானம் ஆனா ஒருத்தர வுடாம இத்தத்தான் கேட்டுகினு வருவான்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஷாப்பில் அத்தனை பேரையும் கேட்டவர் என்னை ஒருநாள் கேட்டதுண்டா? அப்புறம்தான் உறைத்தது, பத்து நாளாக என்னைத்தானே கேட்கிறார். கேட்காத மனிதரோடு இத்தனை வருடம் இருந்து, கேட்டாலும் புரியாதபடி என் மூளையும் அடைத்துப்போயிருந்தது.

அந்தப் பத்து நாளும் அவர் தள்ளிய மிச்சமும் டீயும்தான் என் சாப்பாடு. படுத்த படுக்கையிலிருந்தே அதைப் பார்த்திருக்கிறார்.

மறுபடியும் கை எழுந்தது. ஆச்சு என்று தலையாட்டப் போனவளுக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவர் எதிரே உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன். கடைசி வாய் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.