மேகசினுக்குள் சந்தனம்

துடியலூருக்கு வடக்கே இருக்கும் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் பாக்கியராஜுக்கு ஒன்பது வருட வேலை. ராணுவத்தின் ஆயுதப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இருந்து வந்தவர். பிஸ்டல்களையும் மேகசின்களையும் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பார். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கும் சின்ன இரும்புக் கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு தட்டு. தட்டு வழுக்கி மேலே வந்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் தட்டு சாய்ந்து, தோட்டா பாதி வழியில் நின்றுவிடும்.

வயது அறுபத்தொன்று. சர்க்கரை வந்து பதினான்கு வருடம். விரல் நுனிகள் மரத்துப்போயின. அதனால் பூட்டிய ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிக் கண்ணால் பார்ப்பார், காதருகே வைத்து ஸ்பிரிங் உரசுகிறதா என்று கேட்பார். விரல் விஷயத்தை அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சொல்லியிருக்க வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செயலாளர் பாலுசாமியிடம் கேட்டுக்கொண்டார்: "ஏனுங்க, துப்பாக்கிக்கு வெளியில பொட்டு வெச்சுக்கங்க. மேகசினுக்கு மட்டும் வேண்டாமுங்க."

"அட, ஆயுத பூசைக்கு ஆயுதத்த உட்டுப்போட்டு மம்பட்டிக்கா பொட்டு வெக்கறது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியராஜும் சிரித்து, மேகசின் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார். இன்னொரு சாவி பாலுசாமியிடம் இருந்தது. லேத்து, மோட்டார், தராசு என்று தன் பட்டறையில் ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்துப் பழகிய கை அவருடையது.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் போட்டி. காலையில் பெட்டி மூடியில் குங்கும விரல் பதிந்திருந்தது.

"ஓரமா ஒரு பொட்டுங்க. தொடச்சுப்போட்டேன். குடுங்க, புள்ள நிக்குது," என்றார் பாலுசாமி.

புள்ள என்றது நந்திதாவை. கல்லூரி மாணவி, அன்று நல்ல புள்ளி எடுத்தால் மாநில முகாமுக்குப் போவாள். பிரித்துப் பார்க்க நேரமில்லை. பாக்கியராஜ் கொடுத்துவிட்டார்.

முதல் முறை தோட்டா சிக்கித் துப்பாக்கி நின்றதை நடுவர் மன்னித்தார். விதி ஒரு முறைக்குத்தான். இரண்டாம் முறை நின்றபோது சுடாத மூன்று தோட்டாக்களும் பூஜ்யமாக ஏறின.

அடுத்த சுற்றுக்கு முக்கால் மணி நேரம். ஆயுத அறையில் அவர் மேகசின்களின் அடியைக் கழற்றினார். பக்கவாட்டுப் பிளவு வழியாக இறங்கிய சந்தனம் எண்ணெயோடு சேர்ந்து, தட்டின் மேல் சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது. இரண்டிலும்.

"மஞ்சளா இருக்குதுங்க அங்கிள்!" என்றாள் நந்திதா.

"சந்தனம் கண்ணு."

கழுவாமல் அப்படியே வைத்து நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம். நடுவரும் செயலாளரும் மைதானத்தின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்திருக்கலாம், ஆனால் ஆயுத அறைக்குள் போன் கூடாது என்று எழுதி ஒட்டியவரே பாக்கியராஜ்தான்.

"அங்கிள், டைம் ஆகுதுங்க அங்கிள்."

மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்தார். உலர்த்தினார், பூட்டினார், காதருகே வைத்துக் கேட்டார். மதியம் ஒரு தோட்டாவும் நிற்கவில்லை. ஆனால் நான்கு புள்ளியில் முகாம் போய்விட்டது.

சாயங்காலம் அவள் அப்பா கத்தினார். பாலுசாமி தணிந்த குரலில் சொன்னார்: "பாக்கியராஜுக்குச் சுகருங்க. வெரல் மரத்துப் போச்சு. நம்ம முன்னாடியே பாத்திருக்கோணும்."

"உள்ள சந்தனம் இருந்ததுங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்."

"எங்கீங்க, காட்டுங்க?"

"கழுவிப்போட்டேன்."

"மூணு தலமொறையா பூச பண்றோம். ஒரு மிஷினு நின்னதில்லை. உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லீன்னா உட்டுருங்க, சாமி மேல பழி போடாதீங்க."

பாக்கியராஜ் நந்திதாவைப் பார்த்தார். அவள் கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் பேர் அனுப்புகிறவரும் பாலுசாமிதான்.

மாதக் கடைசியில் சால்வை போர்த்தி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். சர்க்கரைக்காரருக்கு ஒரு கிலோ லட்டு வேறு. வீட்டில் அவர் மனைவி அற்புதம் லட்டை அக்கம்பக்கம் கொடுத்துவிட்டு வந்து கேட்டாள்: "அந்தப் புள்ளயோட ஒரு சுத்துக்காக உங்க வேலையக் கழுவி ஊத்துனீங்க. அவ வாயத் தொறந்தாளாங்க?"

அவர் காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நந்திதா போன் செய்தாள். புதிதாக வந்த ஆள் பூட்டிய மேகசினில் தோட்டா மறுபடி நிற்கிறதாம்.

"அங்கிள், ஸ்பிரிங்கோட மேல் வளையம் ஒரு பக்கம் தூக்கலா இருக்குதுங்களே, அது முன்னால வரோணுமா, பின்னால வரோணுமா?"

பின்னால் என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த போட்டியிலும் துப்பாக்கி நிற்கும். ஆனால் தவறாகப் பூட்டச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"முன்னால."

"தேங்க்ஸுங்க அங்கிள். நான் கேட்டன்னு செகரட்டரி அங்கிள்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."