எடுத்துக் கொடுத்த வசனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வசனத்தைச் சொன்னது நான் இல்லை. பத்து வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதாகக் காணோம். பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். "நீங்கதானே அன்னைக்கு மேடையில..." என்று இழுக்கிறார்கள். நான் நடிகை, புகழ் தேடி வந்தால் கதவைச் சாத்துகிற ரகம் இல்லை. ஆனால் இந்தப் புகழ் என்னுடையது இல்லை, என் அண்ணியுடையது. பதினோரு வருஷம் பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நாங்கள் மறந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

அண்ணிக்குப் பகலில் குடிநீர் வாரிய அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை. குழாய் கேட்டு மனுப் போடுகிறவர்களுக்கு "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அடிப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. எங்கள் வீட்டு மனுவுக்கும் அதே பதிலை அவளே அடித்து, அவளே கையோடு கொண்டுவந்தாள். தபால்காரருக்கு ஒரு நடை மிச்சம் என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கென்ன, லாரி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். குடம் தூக்கியது நானும் அண்ணியும்தான்.

ஐந்து மணிக்கு மிஷினுக்கு உறை போட்டுவிட்டு நேராக ஒத்திகைக்கு வருவாள். நடிக்கக் கூப்பிட்டால் மட்டும் ஓட்டம் பிடிப்பாள். "மேடையில நின்னா கையை எங்க வச்சுக்கறதுன்னே தெரியாதுடி எனக்கு" என்பாள். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே! கிசுகிசுப்புதான், நடிகர் காதுக்கு வரும், முதல் வரிசைக்குப் போகாது. நாங்கள் மூச்சு விடுவதை வைத்தே, வேண்டுமென்று நிறுத்துகிறோமா, மறந்துவிட்டு முழிக்கிறோமா என்று கண்டுபிடித்துவிடுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட மேடை வெறிச்சென்று நின்றதில்லை. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். நாடகப் புத்தகத்தில் நான் தடுமாறுகிற இடங்களில் கோடு போட்டுவைப்பாள். என் பக்கங்கள்தான் அதிகம் சிவந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட ஓவிய வாத்தியார். எங்களுக்கும் வாத்தியார்தான். அவர் எழுதிய நாடகத்தின் பெயர் "மனு". ஒரு பெண் தெருக்குழாய் கேட்டு ஜன்னல் ஜன்னலாக அலைகிறாள். கடைசி ஜன்னலுக்குப் பின்னால் பெரிய அதிகாரி. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு வெளுத்த சதுரம், வெள்ளைக்காரத் துரையின் படம் மாட்டியிருந்த இடம். அவள் குனிந்து கும்பிடுகிறாள். பிறகு மெல்ல நிமிர்ந்து சொல்கிறாள்: "கொடி மாறிச்சு. கும்பிடு மாறலையே!"

அந்த வசனத்துக்கு விதை போட்டதே அண்ணிதான். ஒருநாள் ஒத்திகையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "மனு குடுக்க வர்றவங்க என் டைப் மிஷினைப் பார்த்துக்கூடக் கும்பிடறாங்க, வாத்தியாரே. எனக்கு உடம்பு கூசுது" என்றாள். வாத்தியார் அப்படியே பிடித்துக்கொண்டார்.

நாடகம் போடுவதென்றால் எங்கள் ஊரில் லேசு இல்லை. மூன்று படிகள் டைப் அடித்துப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். தன்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று பயந்து வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அவன் போய்விட்டான், முத்திரையை மட்டும் மாற்றி நம்மவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கும் கிண்டல் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மூன்று மாதம் ஒத்திகை பார்த்தோம். அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிரதி திரும்பி வந்தது. ஒரே ஒரு வசனத்தின் மேல் சிவப்பு மைக் கோடு. எந்த வசனம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

வாத்தியார் மீசையைத் தடவினார். "சொல்லத்தானே கூடாது? நிக்கக்கூடாதுன்னு சட்டத்துல இல்லையே. நிமிரு. வாயைத் திறக்காத. மனசுக்குள்ள ஒன்னு, ரெண்டு, மூணு எண்ணிட்டு அடுத்த வசனத்துக்குப் போ" என்றார். அண்ணி தன் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "மூன்று" என்று எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. நானூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. முதல் வரிசை நடுவில் இன்ஸ்பெக்டர், மடியில் முத்திரை குத்திய பிரதி, விரல் வரிவரியாக நகர்கிறது. கடைசி ஜன்னல் வந்தது. குனிந்தேன், கும்பிட்டேன், நிமிர்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

அங்கே போயிருக்க வேண்டும் அடுத்த வசனத்துக்கு. நான் போகவில்லை. அரங்கத்தில் அப்படி ஒரு அமைதி! நானூறு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் அனுபவிப்போமே என்று எட்டு, ஒன்பது, பத்து என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நின்றேன். பாவம், பக்கத் திரைக்குப் பின்னால் அண்ணிக்குப் பதறிவிட்டது. இவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள். பதினோரு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? மூன்று மாதம் எடுத்துக் கொடுத்த வசனம் வாயில் வந்துவிட்டது.

"கொடி மாறிச்சு. கும்பிடு மாறலையே!"

கிசுகிசுப்புத்தான். ஆனால் அந்த அமைதியில் அது கடைசி வரிசை வரைக்கும் போனது. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், மேடைப் பலகை அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, "யாரு சொன்னது?" என்றார்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அரசாங்க வேலையா எனக்கு, போவதற்கு? ஆனால் சொல்லவில்லை, பயந்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அதற்குள் பக்கத் திரையை விலக்கிக்கொண்டு அண்ணி வந்துவிட்டாள். கண்ணாடி தலைமேல் ஏறியிருக்கிறது, காலில் செருப்பில்லை. அதுதான் அவள் மேடையேறிய முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான்தான் ஐயா சொன்னேன்" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார், ஒரு காகிதத்தை நீட்டினார். "அந்த வாசகம் வாய் தவறி வந்தது. அது உண்மைக்குப் புறம்பானது. அதற்காக வருந்துகிறேன்." அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. குழுவுக்கும் ஒன்னும் வராது, உங்களுக்கும் ஒன்னும் வராது. போடலைன்னா உங்க ஆபீசுக்கு எழுதியாகணும். பத்தொன்பது வருஷ சர்வீஸ், யோசிச்சுக்குங்க" என்றார்.

போட்டுத் தொலையுங்கள் அண்ணி என்று நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மார்ஜினே விடலையே ஐயா. ஃபைல்ல கோத்தா முதல் எழுத்தெல்லாம் போயிடுமே" என்றாள். பிறகு பையைத் துழாவிச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். நடு வாக்கியத்தின் மேல் நிதானமாக ஒரு கோடு. கடைசி வாக்கியத்தின் மேல் இன்னொரு கோடு. கீழே கையெழுத்து.

"வாய் தவறி வந்துச்சு, அது நெஜம். குழு சொல்லச் சொல்லல, அதுவும் நெஜம். ஆனா அது பொய்யின்னு எப்படி ஐயா கையெழுத்துப் போடுவேன்? தினமும் என் கண்ணு முன்னாடி நடக்குதே."

"வேலை போயிடும்மா."

"தெரியும் ஐயா. அந்த ஆர்டரையும் நான்தான் அடிக்கணும். எங்க ஆபீஸ்ல வேற டைப்பிஸ்ட் இல்ல."

சொன்னபடியே ஆனது. அடுத்த வாரம் தன் வேலை நீக்க உத்தரவை மூன்று படிகளாக, ஒரு பிழை இல்லாமல், தாராளமாக மார்ஜின் விட்டு அடித்துக் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தாள். அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மறுநாளே பழைய மிஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாரிய அலுவலகத்துக்கு நேர் எதிரே அண்ணி கடை போட்டாள். குழாய் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது அவள்தான் மனு அடித்துக் கொடுக்கிறாள். மிஷினைப் பார்த்து யாராவது கும்பிட்டால் திட்டு விழும்.

வாய் தவறி வந்தது என்று அண்ணி கையெழுத்துப் போட்டிருந்ததால் குழுவின் உரிமத்தைப் பறிக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி "மனு". அதே அரங்கம், முதல் வரிசையில் அதே இன்ஸ்பெக்டர். கடைசி ஜன்னலில் குனிந்தேன், கும்பிட்டேன், நிமிர்ந்தேன். வாயை மூடிக்கொண்டு ஒன்று எண்ணுவதற்குள் அரங்கத்திலிருந்து வந்தது. நானூறு பேர், ஒரே குரல்.

"கொடி மாறிச்சு. கும்பிடு மாறலையே!"

இன்ஸ்பெக்டர் பிரதியைப் பார்த்தார், திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரைப் பிடிப்பார்? பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் பக்கத் திரையைப் பார்த்தேன். முக்காலியில் அண்ணி. உதட்டை இறுக மூடிக்கொண்டு, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்த வசனம் சத்தியமாக மறந்துபோய்விட்டது.

அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.